கனடாவின் மர எலிவேட்டர்கள்: அவ்வளவு உயரம் எதற்கு, இப்போது ஏன் காலி?

ரெஜைனாவிலிருந்து கால்கரிக்குக் காரில் போனபோது, ஸ்விஃப்ட் கரன்ட் தாண்டி, ரயில் பாதையை ஒட்டி ஜன்னல் இல்லாத உயரமான மரக் கட்டடங்களைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். 'தானியக் கிடங்கு' என்று கூட வந்தவர் சொன்னாராம். கிடங்குக்கு ஏன் அத்தனை உயரம், தீப்பிடிக்கக்கூடிய மரத்தில் ஏன் கட்டினார்கள், நன்றாகத்தானே நிற்கிறது, அப்புறம் ஏன் காலியாகக் கிடக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்கையும் சேர்த்துப் படித்தால், நீங்கள் அடிப்படையில் கேட்பது ஒன்றே ஒன்றுதான் என்று தோன்றுகிறது: இது என்ன வேலை செய்தது, அந்த வேலை இப்போது எங்கே போயிற்று?

தானியம் தூக்கும், எடை போடும், சுத்தம் செய்யும் இயந்திரங்கள்தான் என் தொழில். சஸ்காட்செவன், மனிட்டோபா மாகாணங்களில் பல ஆண்டுகள் அந்த வேலையில் இருந்திருக்கிறேன். பழைய மரக் கட்டடங்களைச் சோதித்து அறிக்கை எழுதுவதும் அதில் ஒரு பகுதி. அதனால் கட்டுமானம், இயந்திரம் பற்றி உறுதியாகப் பேச முடியும். அந்த ஊர்களின் அரசியல், பொருளாதாரம் பற்றி அங்கே வேலை செய்தவன் என்ற முறையில் சொல்வேனே தவிர, நான் வரலாற்று ஆசிரியன் அல்ல. நீங்கள் பார்த்த குறிப்பிட்ட கட்டடத்தின் வயதையோ உறுதியையோ படம்கூட இல்லாமல் இங்கிருந்து சொல்ல முடியாது. பொதுவாகப் பார்த்து அறிய சில அடையாளங்கள் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். இதைக் கிடங்காக நினைத்துப் பார்த்தால் எதுவுமே பொருந்தாது. இது ஒரு இயந்திரம். குதிரை வண்டியில் வரும் கோதுமையை வாங்கி, எடை போட்டு, தரம் பிரித்து, ரயில் பெட்டியில் ஏற்றி அனுப்புவதுதான் இதன் வேலை. சேமிப்பு என்பது நடுவில் சில நாட்கள், சில வாரங்கள் நிற்பதுதான். நம் ஊரில் நவீன ரைஸ் மில்லுக்குள் போனவர்கள் நெல்லை மேலே கொண்டுபோகும் பக்கெட் எலிவேட்டரைப் பார்த்திருப்பார்கள். ஒரு பெல்ட், அதில் வரிசையாகக் கிண்ணங்கள், கீழே குழியில் அள்ளி மேலே போய்க் கவிழ்க்கும். அந்த ஒரே சாதனத்தைச் சுற்றி மரத்தால் எட்டு மாடி உயரத்துக்குச் சுவர் எழுப்பினால் அதுதான் நீங்கள் பார்த்தது. கட்டடத்தையே அங்கே எலிவேட்டர் என்றுதான் சொல்வார்கள்.

உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். விவசாயி வண்டியைச் சரிவான மேடையில் ஏற்றி, கட்டடத்தின் பக்கவாட்டில் இருக்கும் கொட்டகைக்குள் ஓட்டி வருவார். அங்கே தரையிலேயே எடை மேடை. முழு வண்டிக்கு ஒரு எடை, கொட்டிய பிறகு வெறும் வண்டிக்கு ஒரு எடை, வித்தியாசம்தான் கோதுமை. வண்டியின் பின்பக்கத்தைத் திறந்தால் தானியம் தரைக்கு அடியிலுள்ள குழிக்குள் விழும். குழியிலிருந்து கிண்ணங்கள் அள்ளி உச்சிக்குக் கொண்டுபோகும். உச்சியில் திருப்பக்கூடிய ஒரு குழாய் இருக்கும். எலிவேட்டரை நடத்தும் ஏஜென்ட் கீழே நின்றபடியே ஒரு சக்கரத்தைத் திருப்பி அந்தக் குழாயை எந்த அறைக்கு வேண்டுமோ அந்த அறைக்கு நேராக நிறுத்துவார். இந்த அறைகளை அங்கே 'பின்' (bin) என்பார்கள். ஒரு கட்டடத்துக்குள் பதினைந்து, இருபது பின்கள் இருக்கும், ஏனென்றால் முதல் தரக் கோதுமையை மூன்றாம் தரத்தோடு கலந்துவிட்டால் போச்சு, மொத்தமும் மூன்றாம் தர விலைக்குத்தான் போகும். பார்லி, ஓட்ஸ் தனி.

ரயில் பெட்டி வந்ததும் அதே தானியத்தை பின்னிலிருந்து மறுபடி கீழே இறக்கி, மறுபடி மேலே தூக்கி, அங்கிருக்கும் இன்னொரு தொட்டியில் எடை போட்டு, வெளிப்பக்கக் குழாய் வழியாகப் பெட்டிக்குள் விடுவார்கள். ஆக இரண்டு தடவை மேலே தூக்குவதற்குத்தான் எஞ்சின். மீதி எல்லா வேலையையும் புவியீர்ப்பே செய்துவிடும், கூலி கேட்காமல். ஒரு ஆள், ஒரு சின்ன எஞ்சின், இவ்வளவை வைத்து ஒரு வட்டாரத்தின் முழு அறுவடையையும் கையாள முடிந்தது இதனால்தான்.

உயரத்துக்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது. குவித்த கோதுமையின் சரிவு கிட்டத்தட்ட 25 முதல் 28 பாகை. அதைவிடச் செங்குத்தாக வைத்தால்தான் குழாயில் நிற்காமல் ஓடும். நடுவில் இருக்கும் லெக்கின் உச்சியிலிருந்து (கிண்ண பெல்ட்டும் அதன் பெட்டியும் சேர்ந்ததற்கு லெக் என்று பெயர்) மூலையில் இருக்கும் பின் வரை தானியம் தானாக ஓட வேண்டுமானால், பின்களின் மேல்மட்டத்துக்கு மேலே இன்னும் கணிசமான உயரம் வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் கூரைக்கு மேலே இன்னொரு குட்டி வீடு உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியுமே, அந்தக் கோபுரப் பகுதி இதற்காகத்தான். மொத்த உயரம் 70, 80 அடி வந்துவிடும். ஜன்னல் இல்லாததற்குக் காரணம் எளிது: நான்கு சுவரும் பின்களின் வெளிச்சுவர்கள், அவற்றுக்குப் பின்னால் தானியம்தான் நிற்கிறது.

ஏன் மரம் என்பதற்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கனடாவின் அந்தப் புல்வெளிச் சமவெளியில் மரமே கிடையாது. கல்லும் அரிது. சிமென்ட் கொண்டுவந்து, கம்பி கட்டி, தொடர்ந்து ஊற்றும் கான்கிரீட் உத்தியும் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் மினசோட்டாவில் சோதனைக்காகக் கட்டிய வட்டமான கான்கிரீட் எலிவேட்டரின் ஆண்டே 1899–1900. ஆனால் மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில் காடு காடாக மரம் இருந்தது. 1885இல் கனடியன் பசிபிக் ரயில் பாதை நாட்டின் குறுக்கே இணைக்கப்பட்ட பிறகு அந்தப் பலகைகள் அதே தண்டவாளத்தில் வந்து இறங்கின. தச்சர்கள் ஒரு குழுவாக ஊர் ஊராகப் போய் ஒரே மாதிரியான கட்டடத்தை எழுப்பிக்கொண்டே போனார்கள். மலிவு, வேகம், எல்லோருக்கும் தெரிந்த கைவேலை. இந்த மூன்றும் உறுதியான காரணங்கள். மரம் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தாது, அதனால் எஃகுத் தொட்டியைப்போல உள்சுவரில் வியர்த்துத் தானியம் பூசணம் பிடிக்கும் தொல்லை குறைவு. இது உண்மையான அனுகூலம்தான், ஆனால் அன்று மரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம் என்று சிலர் எழுதுவதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கிடைத்ததை வைத்துக் கட்டினார்கள், அது நல்லதாகவும் அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

சுவரைக் கட்டிய விதம் வேறு எங்கும் எளிதில் பார்க்க முடியாதது. தூண் நட்டு அதன்மேல் பலகை அடிப்பது வீட்டுக்குச் சரி. இங்கே இரண்டு அங்குலத் தடிமன் பலகைகளைப் படுக்கை வசமாக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றையும் கீழிருப்பதோடு நீள ஆணிகளால் அடித்துக்கொண்டே மேலே போவார்கள். மூலைகளில் பலகைகள் மாறி மாறி ஒன்றையொன்று கடக்கும். கீழ்ப்பகுதியில் எட்டு அங்குல அகலப் பலகை, நடுவில் ஆறு, மேலே நான்கு என்று படிப்படியாகக் குறையும். உள்ளே பின்களைப் பிரிக்கும் குறுக்குச் சுவர்களும் இதே மாதிரி அடுக்கப்பட்டு வெளிச்சுவரோடு பின்னிக்கொள்ளும். தானியம் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும்போது, படுக்கவைத்த பலகை தன் முழு அகலத்தாலும் அந்தத் தள்ளலை எதிர்க்கும். எதிரெதிர்ச் சுவர்களைக் குறுக்குச் சுவர்கள் இழுத்துப் பிடிக்கும். ஒரு கட்டடத்துக்குள் இறங்கிய ஆணிகளை டன் கணக்கில் பேச வேண்டும்.

தண்ணீரும் தானியமும் சுவரைத் தள்ளும் விதம் ஒன்றல்ல. தண்ணீர்த் தொட்டியில் ஆழம் இரட்டிப்பானால் அடியில் அழுத்தமும் இரட்டிப்பாகும். தானியத்தில் அப்படியில்லை. மணிகள் சுவரில் உராய்ந்து, தங்கள் எடையில் ஒரு பகுதியைச் சுவர்மேலேயே சாய்த்துவிடும். குறிப்பிட்ட ஆழத்துக்குப் பிறகு அழுத்தம் அதிகம் ஏறாது. இதை 1895இல் யான்சென் என்ற ஜெர்மன் பொறியாளர் சோதனை செய்து சூத்திரமாக எழுதினார், இன்றும் சைலோ (தானியம் கொட்டி வைக்கும் உயரமான தொட்டி) வடிவமைப்பு அதிலிருந்துதான் தொடங்குகிறது. புல்வெளித் தச்சர்கள் அதைப் படித்திருப்பார்களா என்று கேட்டால், வாய்ப்பு குறைவு. ஆனால் அகலமான ஒரே அறைக்குப் பதிலாகக் குறுகிய, உயரமான பல அறைகள் என்ற அவர்கள் வடிவம் அந்தச் சூத்திரத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. உராய்வு சுவர்மேல் ஏற்றும் எடைக்கு ஒரு விலையும் உண்டு. படுக்கை வசமாக அடுக்கிய மரம் அந்த எடையில் நசுங்கும், காய்ந்து சுருங்கவும் செய்யும். அதனால் புதுக் கட்டடம் சில ஆண்டுகளில் அங்குலக் கணக்கில் உயரம் குறையும். லெக்கையும் குழாய்களையும் அதற்கேற்பத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

அடித்தளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 30,000 புஷல் கோதுமை என்பது 800 டன்னுக்கு மேல் (ஒரு புஷல் கோதுமை 60 பவுண்டு, அதாவது 27 கிலோ சொச்சம்). இதை அந்தப் பகுதியின் களிமண் தாங்க வேண்டும். தாங்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பொறியியல் கல்லூரிகளில் சொல்லித்தரும் பிரபலமான உதாரணமே ஒரு எலிவேட்டர்தான்: வின்னிப்பெக் அருகே டிரான்ஸ்கோனாவில் 1913 அக்டோபரில், புதிதாகக் கட்டிய மாபெரும் கான்கிரீட் எலிவேட்டர் தானியம் நிரப்பும்போதே மண்ணுக்குள் ஒரு பக்கமாக அமிழ்ந்து ஏறத்தாழ 27 பாகை சாய்ந்துவிட்டது. கட்டடம் உடையவில்லை, மண்தான் தோற்றது. அடியில் தோண்டிப் புதுத் தாங்கிகள் கொடுத்து நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தினார்கள். கிராமத்து மர எலிவேட்டர்கள் சிறியவை, கொஞ்சம் சாய்ந்தாலும் மரம் வளைந்து கொடுக்கும். நீங்கள் பார்த்தது லேசாகச் சாய்ந்திருந்தது என்று எழுதியிருந்தீர்கள், வேலை செய்த காலத்திலேயே அப்படிச் சாய்ந்திருந்தவை நிறைய உண்டு.

தீ பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. மர எலிவேட்டர்களின் முதல் எதிரி தீதான். நீராவி எஞ்சினின் பொறி, லெக்கின் உச்சியில் சூடாகிப் போகும் பேரிங், இடி, எல்லாமே காரணமாகியிருக்கின்றன. அதனால்தான் எஞ்சினைப் பிரதான கட்டடத்துக்குள் வைக்காமல், சற்றுத் தள்ளி அலுவலகக் கட்டடத்தில் வைத்து, அங்கிருந்து சக்தியை உள்ளே கொண்டுவந்தார்கள். தானியத் தூசி வேறு ஆபத்து. மூடிய இடத்தில் காற்றில் போதுமான அளவு மிதந்து, ஒரு பொறியும் கிடைத்தால் அது வெடிக்கும். 1977 டிசம்பரில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வெஸ்ட்வீகோ துறைமுக எலிவேட்டர் வெடித்து 36 பேர் இறந்தார்கள், அது கான்கிரீட் கட்டடம். ஆக, கான்கிரீட்டுக்கு மாறினால் தீ ஆபத்து போய்விடும் என்பது பாதி உண்மைதான். தூசியைக் கூட்டி வைப்பதும் பேரிங்குக்கு எண்ணெய் விடுவதும்தான் இரண்டிலும் உயிரைக் காப்பாற்றுகின்றன.

இதன் கதை இந்தப் புல்வெளியில் தொடங்கவில்லை. கிண்ண பெல்ட்டை மாவு மில்லில் புகுத்தியவர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் ஆலிவர் எவன்ஸ். அதை நீராவியோடு இணைத்துத் துறைமுகத்தில் தானியம் தூக்கப் பயன்படுத்தியது 1842இல் பஃபலோ நகரின் ஜோசப் டார்ட், அவரோடு ராபர்ட் டன்பார் என்ற பொறியாளர். மேற்குக் கனடாவுக்கு இது 1879இல் வந்தது: மனிட்டோபாவின் நிவர்வில் ஊரில் வட்ட வடிவில் ஒன்று, 25,000 புஷல் கொள்ளளவு. நீங்கள் பார்த்த சதுர வடிவத்தின் முன்னோடியை 1881இல் கிரெட்னாவில் ஓகில்வி மாவு நிறுவனம் கட்டியது. அதன் பிறகு அச்சில் வார்த்ததுபோல ஆயிரக்கணக்கில் பெருகின.

இப்படி ஒரே மாதிரி ஆனதற்கு ரயில் நிறுவனமே காரணம். கனடியன் பசிபிக் ரயில்வே என்ன செய்தது என்றால், குறைந்தது 25,000 புஷல் கொள்ளளவோடு இந்த மாதிரியான எலிவேட்டர் கட்டுபவர்களுக்கு நிலையத்தில் இடம் கொடுத்தது, அப்படி ஒன்று வந்த ஊரில் விவசாயிகள் வண்டியிலிருந்தோ சாதாரணக் கொட்டகையிலிருந்தோ நேராகப் பெட்டியில் ஏற்றுவதைத் தடுத்தது. ரயில்வேக்கு லாபம் புரிகிறது: வண்டி வண்டியாகக் கொட்டிக்கொண்டிருந்தால் ஒரு பெட்டி நாள்கணக்கில் நிற்கும், எலிவேட்டரில் சட்டென நிரம்பும். விவசாயிக்கு? ஊரில் வாங்குபவர் ஒரே ஆள், எடையும் தரமும் கழிவும் அவர் சொல்வதுதான். 'நம்பர் ஒன்' என்று கொண்டுபோனால் 'நம்பர் டூ' என்பார், பதரும் தூசியும் இத்தனை பவுண்டு என்று கழிப்பார். எல்லா ஏஜென்டும் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று மூட்டையைத் திருப்பி அனுப்பிய அனுபவம் உள்ள வீடுகளுக்கு இந்தச் சண்டையை விளக்க வேண்டியதில்லை.

புகார்கள் பெருகி, அரசு விசாரணைக் குழு அமைத்து, 1900இல் மனிட்டோபா தானியச் சட்டம் வந்தது. விவசாயி நேராகப் பெட்டியில் ஏற்றிக்கொள்ளும் உரிமை அதில் இருந்தது. காகிதத்தில் இருந்த உரிமை 1901இன் பெரிய அறுவடையில் பயன்படவில்லை, பெட்டிகள் எலிவேட்டர்களுக்கே போயின. அந்த ஆண்டு இண்டியன் ஹெட் ஊரில் விவசாயிகள் சங்கம் அமைத்தார்கள். மறு ஆண்டு சின்டலூட்டா ரயில் நிலைய ஏஜென்ட்மேல், பெட்டிகளை வரிசைப்படி கொடுக்கவில்லை என்று வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். பிறகு அவர்களே எலிவேட்டர்களை வாங்கவும் கட்டவும் இறங்கினார்கள். 1911இல் சஸ்காட்செவனிலும் 1913இல் ஆல்பர்ட்டாவிலும் கூட்டுறவு எலிவேட்டர் நிறுவனங்கள், 1923–24இல் மனிட்டோபாவையும் சேர்த்து மூன்று மாகாணங்களிலும் 'வீட் பூல்' என்ற விவசாயிகள் கூட்டுறவுகள் வந்தன. ஒரே ஊரில் நாலைந்து எலிவேட்டர் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இந்தப் போட்டிதான்: தனியார், மாவு மில்லுக்காரர், கூட்டுறவு, ஆளுக்கொன்று. ஆல்பர்ட்டாவின் வல்கன் ஊரில் ஒரு காலத்தில் ஒன்பது வரிசையாக நின்றன.

ஊர்களின் இடைவெளியையும் இதே கணக்குதான் முடிவு செய்தது. நிறைந்த வண்டியில் ஏறத்தாழ 60, 70 புஷல் ஏற்றி, குதிரைகளை ஓட்டிப்போய்க் கொட்டிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அதனால் பாதை நெடுகிலும் ஏழிலிருந்து பத்து மைலுக்கு ஒரு நிலையம், நிலையத்துக்கு எலிவேட்டர், எலிவேட்டரைச் சுற்றி ஊர். கிராண்ட் ட்ரங்க் பசிபிக் என்ற ரயில் நிறுவனம் ஊருக்குப் பெயர் யோசிக்கக்கூடச் சிரமப்படாமல் ஆங்கில அகரவரிசையில் வைத்துக்கொண்டே போயிற்று: ஃபென்வுட், குட்ஈவ், ஹப்பர்ட், இட்டூனா, ஜாஸ்மின், கெலிஹர் என்று இன்றும் வரைபடத்தில் பார்க்கலாம். 1930களில் மேற்குக் கனடாவில் 5,700க்கும் மேற்பட்ட எலிவேட்டர்கள் இருந்தன.

இப்போது காலியாகக் கிடப்பது ஏன் என்ற கேள்வி. மரம் உளுத்துப்போனதால் என்று பலர் நினைக்கிறார்கள். நான் சோதித்தவற்றில், கூரை ஒழுகாமலும் அடியில் தண்ணீர் தேங்காமலும் இருந்த கட்டடங்களின் அடுக்குப் பலகை பெரும்பாலும் உறுதியாகவே இருந்தது. போனது மரம் அல்ல. அதன் இரண்டு பக்கமும் இருந்த வண்டியும் பெட்டியும்தான் மாறிப்போயின. குதிரை வண்டி லாரி ஆயிற்று, பத்து மைல் என்ற எல்லைக்கு அர்த்தம் போயிற்று. அப்புறம் லாரி பெரிதாயிற்று, பழைய கொட்டகைக்குள் நுழையவே முடியவில்லை. மறுபக்கம், கதவுக்குக் குறுக்கே பலகை அடித்து 1,500, 2,000 புஷல் நிரப்பிய பழைய மூடுபெட்டி போய், 1970களிலிருந்து மேலே திறந்து நிரப்பி அடியில் திறந்து கொட்டும் ஹாப்பர் பெட்டி வந்தது. ஒன்றில் 90 டன் சொச்சம் போகும். ஏஜென்ட் நெம்புகோலைச் சக்கரத்தின் அடியில் கொடுத்து ஒவ்வொரு பெட்டியாகத் தள்ளித் தள்ளி நகர்த்திய இடத்தில், ரயில்வே இப்போது நூறு பெட்டிகளை ஒரே தொடராக நிறுத்தி நிரப்பச் சொல்கிறது. அப்படி நிரப்பினால் கட்டணத்தில் தள்ளுபடி. ஒரு மர எலிவேட்டரை முழுக்கக் காலி செய்தாலும் அதில் பத்துப் பெட்டி நிரம்பினால் அதிகம்.

இதற்குள் கட்டணக் கதையும் இருக்கிறது. 1897இல் கனடிய அரசும் கனடியன் பசிபிக்கும் செய்த குரோஸ் நெஸ்ட் கணவாய் ஒப்பந்தத்தில், மானியத்துக்கு ஈடாகத் தானியக் கட்டணத்தைக் குறைத்து நிரந்தரமாக வைக்க ரயில்வே ஒத்துக்கொண்டது. 1925இல் அது சட்டமாயிற்று. 1970கள் வரும்போது அந்தக் கட்டணம் செலவுக்கே கட்டவில்லை, ரயில்வேக்கள் கிளைப் பாதைகளைப் பழுது பார்ப்பதை விட்டுவிட்டன. நீதிபதி எம்மெட் ஹால் தலைமையிலான ஆணையம் 1977இல் எந்தப் பாதைகளைக் காப்பது, எவற்றைக் கைவிடுவது என்று அறிக்கை கொடுத்தது. 1983இல் பழைய கட்டணம் போனது, அதற்குப் பதில் வந்த மானியமும் 1995இல் நின்றது. அதோடு கிளைப் பாதைகள் வேகமாக மூடப்பட்டன. தண்டவாளம் போன ஊரில் எலிவேட்டருக்கு வேலை இல்லை. 1976இலேயே வெய்பர்னில் விவசாயிகள் பங்குபோட்டுக் கட்டிய கான்கிரீட் டெர்மினல் (பெரிய தானிய நிலையம்) வரப்போவதைக் காட்டிவிட்டது. சஸ்காட்செவன் வீட் பூலே 2007இல் போட்டி நிறுவனத்தை வாங்கி வைட்டெரா என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்று உரிமத்தோடு இயங்கும் எலிவேட்டர்கள் சில நூறுதான், அவற்றில் பெரும்பாலானவை கான்கிரீட்டும் எஃகும். ரேஷன் கடையில் துவரம்பருப்புக்குப் பதிலாகக் கொடுத்த 'கனடா மஞ்சள் பருப்பு' நினைவிருக்கிறதா? கனடாவின் பருப்பில் பெரும்பங்கு விளைவதும் இந்தப் புல்வெளியில்தான்.

நிறுவனங்கள் பெரும்பாலான மர எலிவேட்டர்களை விற்காமல் இடித்ததைப் பற்றி விவசாயிகள் இன்றும் கோபப்படுவார்கள். நிலம் ரயில்வேயின் குத்தகை, காலி செய்து ஒப்படைக்க வேண்டும். வரி, காப்பீடு, யாராவது உள்ளே புகுந்து விழுந்தால் பொறுப்பு என்பது நிறுவனங்கள் சொன்ன காரணம். விற்றால் அடுத்தவன் வாங்கிப் போட்டிக்கு வந்துவிடுவான் என்ற பயம்தான் காரணம் என்பது ஊர்க்காரர்கள் சொன்னது. முதலாவது ஆவணங்களில் இருக்கிறது. இரண்டாவது என் ஊகத்தில் பல இடங்களில் உண்மை, ஆனால் நிரூபிக்கக்கூடியது அல்ல. ஒரு பக்கத்துச் சுவரை இயந்திரத்தால் கடித்துக் கடித்துக் குறைத்து, மீதியைத் தன் எடையிலேயே சாய விடுவார்கள். அரை நாள் வேலை. எஞ்சி நிற்பவை பெரும்பாலும் ஒரு விவசாயியோ ஊராட்சியோ வாங்கித் தங்கள் பொறுப்பில் வைத்திருப்பவை. நீங்கள் பார்த்தது காலியாகத் தெரிந்தாலும் அறுவடைக் காலத்தில் யாரோ ஒருவரின் சொந்தக் களஞ்சியமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

வயதை ஊகிக்க உதவும் என்று சொன்னேனே, அந்த அடையாளங்கள்: ஒற்றைக் கோபுரம், இரு பக்கச் சரிவுக் கூரை, குறுகிய உடல் என்றால் 1930களுக்கு முந்திய வடிவமாக இருக்கலாம். பக்கத்தில் கோபுரம் இல்லாத நீண்ட பெட்டிபோல ஒன்று ஒட்டியிருந்தால் அது கூடுதல் சேமிப்பு. இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது கோதுமை விற்காமல் குவிந்தது, அப்போது இவை நிறையக் கட்டப்பட்டன. அகலமான உடல், தகர உறை, பெரிய கொட்டகை என்றால் 1960களுக்குப் பிந்தியது. ஆனால் பழைய கட்டடத்துக்குப் பிற்காலத்தில் தகரம் அடித்து, கொட்டகையை அகலப்படுத்தியதும் உண்டு, ஆகவே வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துப் பந்தயம் கட்டாதீர்கள். சுவரில் எழுதியிருக்கும் நிறுவனப் பெயரும் கடைசி உரிமையாளரைத்தான் சொல்லும், கட்டியவரை அல்ல.

உள்ளே போகலாமா? உரிமையாளர் கூட வராமல் வேண்டாம். அனுமதி என்பது ஒருபுறம், இருட்டில் தரை எங்கே உளுத்திருக்கிறது என்று தெரியாது, லெக்கின் குழியில் தண்ணீர் நிற்கும், புறா எச்சத்தின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஒருவர் நின்று கயிற்றை இழுத்து மேலே போகும் எதிரெடை லிஃப்ட் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும், ஆசையாகத்தான் இருக்கும், கை வைக்காதீர்கள். பின்னில் பழைய தானியம் மிச்சமிருந்தால் மேலே இறுகிக் கெட்டித் தரைபோலத் தெரியும், அடியில் வெற்றிடம். கால் வைத்தால் உடைந்து உள்ளே இழுத்துக்கொள்ளும், மார்பு வரை புதைந்த ஒருவரைச் சும்மா கையைப் பிடித்து இழுத்தெல்லாம் எடுக்க முடியாது.

பார்க்க வேண்டுமானால் நல்ல இடங்கள் உண்டு. மனிட்டோபாவின் இங்லிஸ் ஊரில் 1922க்கும் 1941க்கும் இடையில் கட்டிய ஐந்து எலிவேட்டர்கள் வரிசையாக, தேசிய வரலாற்றுச் சின்னமாகக் காக்கப்படுகின்றன. உங்கள் வழிக்குக் கிட்ட என்றால் ஆல்பர்ட்டாவின் நான்டன், கால்கரிக்குத் தெற்கே, அங்கே மூன்று நிற்கின்றன. சஸ்காட்செவனில் நார்த் பேட்டில்ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் வீட் பூலின் 889ஆம் எண் எலிவேட்டர் இருக்கிறது. 1895இல் கட்டப்பட்ட ஃப்ளெமிங் ஊர் எலிவேட்டரைச் சொல்லியிருப்பேன், இந்த வகையில் நின்றவற்றிலேயே பழையது என்று கருதப்பட்டது. புதுப்பித்துக்கொண்டிருக்கும்போதே 2010இல் எரிந்துபோனது. இவற்றுள் எங்கே போனாலும் கோடையில் போங்கள், குளிர்காலத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும், போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.